சித்திரைக்குள் இரண்டு நட்சத்திரங்கள்

வைகாசியில் ஹேவாஹெட்டப் பக்கம் மேகம் விலகிய இரவொன்று வாய்த்தால், ஒன்பது மணியளவில் லயத்து வாசலில் நின்று வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாகச் சுவாதி வரும். இன்னும் நீட்டினால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே, நீலவெண்மையாகச் சித்திரை.

அது ஒன்றல்ல, இரண்டு. ஏறத்தாழ 250 ஒளியாண்டுக்கு அப்பால், சுமார் 2 கோடி கிலோமீற்றர் இடைவெளியில், நான்கு நாளுக்கு ஒரு சுற்றாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றிலொரு பங்குதான் அது. எவ்வளவு நல்ல தொலைகாட்டியைத் திருப்பினாலும் கண்ணுக்கு ஒரே புள்ளிதான். 1890இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாமில் ஹெர்மான் ஃபோகல் இந்த இரட்டையைக் கண்டுபிடித்தது நிறமாலையைப் பார்த்துத்தான்.

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் விழும். ஐதரசனின் சிவப்புக் கோட்டுக்கு உரிய இடம் 656.3 நனோமீற்றர். நட்சத்திரம் செக்கனுக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் விலகிப் போனால், கோடு கால் நனோமீற்றர் அளவு சிவப்புப் பக்கம் நகரும். நெருங்கி வந்தால் அதே அளவு நீலப் பக்கம். இந்த மிகச் சிறிய நகர்வுதான் நமக்குக் கிடைக்கும் முழுச் சாட்சி. சித்திரையில் இரண்டு கோட்டுத் தொகுதிகள் எதிரெதிராகப் போய்வருகின்றன. ஒன்றின் வேகம் சுமார் 120, மற்றதன் வேகம் சுமார் 190. கனமானது மெதுவாக அசையும், இலேசானது வேகமாக ஓடும். ஆகவே வேக விகிதத்தைத் தலைகீழாக்கினால் திணிவு விகிதம் வந்துவிடும். தராசே எட்டாத தூரத்தில் ஒரு நிறுவை! வானியலில் இதைவிட அழகான கணக்கு எனக்குத் தெரியாது.

வேகத்துக்கேற்ப ஒளி நிறம் நகரும் என்ற விதியைச் சொன்ன டொப்ளரின் 1842ஆம் ஆண்டுக் கட்டுரையே இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றியதுதான். அந்த நிறங்களுக்கு வேகமே காரணம் என்ற அவர் முடிவு பிழை. நிறத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. விதி மட்டும் நிலைத்தது.

ஒரு குறை உண்டு. நம் பார்வைக் கோட்டில் வரும் வேகத்தை மட்டுமே நகர்வு காட்டும். சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லாது. அந்தச் சாய்வை 1971இல் அவுஸ்திரேலியாவின் நராப்ரியிலிருந்து அளந்த குழுவில் ஹான்பரி பிரவுன் இருந்தார். நீலகிரியின் அருவங்காட்டில் பிறந்தவர் அவர். அதன்பின் திணிவுகள் தெளிவாயின: ஒன்று ஏறக்குறைய 11 சூரியன், மற்றது 7.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளே, டொப்ளர் விளைவு, வட்ட இயக்கம், ஈர்ப்பு மூன்றும் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.