வீட்டில் சுடும் பிறந்தநாள் கேக்: கணக்கில் வராத உழைப்பு

ஆலங்குடாவில் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் தேவையென்றால் ஒரு காலத்தில் புத்தளம் நகரத்துப் பேக்கரிக்குச் சொல்லிவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்று அந்தக் கேக் பெரும்பாலும் வீட்டு ஓவனிலேயே தயாராகிறது. முதலில் சொந்தப் பிள்ளைக்கு, பிறகு மச்சியின் பிள்ளைக்கு, அதன் பிறகு பக்கத்து வீட்டுக்கு என்று அது பரவுகிறது. ஒரு நாள் முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஒரு சொக்லேட் கேக் எவ்வளவு?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக்கூடிய வீடுகள் மிகக் குறைவு. இந்த வாரப் பத்தி அந்தப் பதிலைப் பற்றியது.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற விவாதத்திற்குள் நான் இங்கு நுழையவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலும், வெளிநாட்டிலிருந்து வாப்பா வந்திறங்கும் நாளிலும் இதே கேக்தான் மேசைக்கு வருகிறது. வியாபாரக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

நான் இந்த ஊரில் சில்லறைக் கடை நடத்துபவன். கோதுமை மா, ஐசிங் சீனி, கொக்கோத் தூள் ஆகியவற்றை யார் வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை நாள்தோறும் கல்லாவிலிருந்து பார்க்கிறேன். எனது வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளுக்கும் மனைவியே கேக் சுடுகிறார். எனவே விற்பவன் பக்கமும் சுடுபவர் பக்கமும் ஓரளவு தெரியும்.

ஏன் இந்தத் தொழில் எமக்கு முக்கியம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து குடியேறினர். ஆலங்குடாவும் அவ்வாறு பலரை ஏற்றுக்கொண்ட ஊர். கற்பிட்டித் தீபகற்பத்தில் மீன்பிடி, வெங்காயம், மரக்கறித் தோட்டம் என்று தொழில்கள் இருந்தாலும் அவற்றில் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாட்கூலிதான். வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணி செய்து திரும்பிய சிலர் கேக், ரொட்டி வகைகள் செய்யும் கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில் இது. முதலீடும் குறைவு. ஆனால் முதலீடு குறைந்த தொழிலில்தான் நட்டமும் சத்தமின்றி வரும்.

ஒரு கேக்கில் என்ன போகிறது?

வீடுகளில் அதிகம் செய்யப்படும் எண்ணெய்ச் சொக்லேட் கேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோதுமை மா 220 கிராம், சீனி 350 கிராம், கொக்கோத் தூள் 60 கிராம், முட்டை 2, பால் 240 மில்லிலீற்றர், எண்ணெய் 120 மில்லிலீற்றர், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பேக்கிங் சோடா ஒன்றரைத் தேக்கரண்டி, சிறிது உப்பும் வெனிலாவும், கடைசியாகக் கொதிநீர் 240 மில்லிலீற்றர். கலவை தண்ணீர்போல் இருக்கும், பயப்பட வேண்டாம். 8 அங்குலத் தட்டு இரண்டில் ஊற்றி, 180 பாகை செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம் வரை சுட்டால் போதும். மேலே பூச பட்டர் 200 கிராம், ஐசிங் சீனி 300 கிராம், கொக்கோ 40 கிராம். எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும்.

கொதிநீர் கொக்கோவின் மணத்தை எழுப்புகிறது. எண்ணெய் சாதாரண வெப்பத்திலும் திரவமாகவே இருப்பதால் கேக் இரண்டு மூன்று நாள் மென்மையாக இருக்கும். பட்டர் கேக் குளிரூட்டியில் வைத்தால் இறுகிவிடும்.

கொக்கோத் தூளில் இரண்டு வகை உண்டு. இயற்கைத் தூள் இளம் பழுப்பு நிறம், சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. பேக்கிங் சோடா அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் கேக்கை உப்பச் செய்கிறது. காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகைத் தூள் கடும் நிறமாக இருக்கும், புளிப்பு நீங்கியிருக்கும். அதற்குப் பேக்கிங் பவுடரே பொருத்தம். டச்சு வகைத் தூளில் சோடாவை அள்ளிப் போட்டால் கேக்கில் சவர்க்கார வாடை வரும். "இந்த முறை ஏனோ சரிவரவில்லை" என்று கடைக்கு வந்து சொல்பவர்களில் பலர் தூளின் வகையை மாற்றி வாங்கியவர்களே. கடைக்காரர்கள் பையைப் பிரித்துச் சிறு பொட்டலமாகக் கட்டும்போது எந்த வகை என்பதை எழுதி ஒட்டினால் ஒரு வாடிக்கையாளரின் ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றலாம்.

எமது கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டர் ஏறத்தாழ 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் பூச்சு வழுக்கி இறங்கும். காலை வேளையில், அல்லது மஃரிபுக்குப் பின்னர் கையளிப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இனிக் கணக்குக்கு வருவோம்

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், கீழே விளக்கத்துக்காக முழு எண்களைப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர்க் கடை விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

மா 45 ரூபா
சீனி 90 ரூபா
கொக்கோ 100 கிராம் 400 ரூபா
முட்டை 80 ரூபா
பால் 120 ரூபா
எண்ணெய் 120 ரூபா
பட்டர் 600 ரூபா
ஐசிங் சீனி 150 ரூபா
வெனிலா, பவுடர், சோடா 50 ரூபா
மூலப்பொருள் மொத்தம் 1,655 ரூபா

பெரும்பாலான வீடுகளில் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. இதற்குமேல் ஒரு 500 ரூபாவைச் சேர்த்து 2,155 ரூபா என்று விலை சொல்லி, 500 ரூபா இலாபம் கிடைத்ததாக மகிழ்கிறார்கள். ஆனால் மீதியையும் எழுதிப் பாருங்கள். பெட்டி, அடிப்பலகை, தாள் 250. காஸ் அல்லது மின்சாரம் 150. உடைந்த முட்டை, கருகிய கேக் போன்ற சேதாரத்துக்கு மூலப்பொருளில் 5 வீதம் என்று 85. ஓவன், பீட்டர், தட்டு தேய்மானம் 100. கொண்டுபோய்க் கொடுக்கும் பெற்றோல் 160. இப்போது 2,400 ரூபா. அதாவது 500 ரூபா இலாபம் என்று நினைத்தவர் உண்மையில் 245 ரூபா கைநட்டத்தில் நிற்கிறார். அவருடைய உழைப்புக்கு இன்னும் ஒரு சதம்கூடப் போடவில்லை.

சாமான் வாங்குவது, கலப்பது, சுடுவது, ஆறவைத்துப் பூசுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து 4 மணித்தியாலம் என்போம். நாட்கூலி 2,000 ரூபா என்று வைத்தால் மணிக்கு 250. ஆக 1,000 ரூபா. அடக்கம் 3,400 ரூபா. அதன்மேல் 15 வீத இலாபம் 510. விற்பனை விலை 3,910 ரூபா.

"மூலப்பொருளின் இரு மடங்கு" என்று ஒரு பொது வழக்கு உண்டு. அதன்படி பார்த்தால் 3,310 ரூபா. கேட்பதற்கு நல்ல விலைபோல் தோன்றும். எனினும் அது கூலியோடு சேர்ந்த அடக்கத்துக்கே 90 ரூபா குறைவு. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் கூலியைவிடக் குறைவாகவே அந்தச் சகோதரி தன் வீட்டில் உழைத்திருக்கிறார்.

கடைக்காரர் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

இதை வாசிக்கும் பலரும் வியாபாரிகள். உங்களில் எத்தனை பேரின் வீட்டுக் கேக்குக்கு உங்கள் கடையிலிருந்தே மாவும் சீனியும் போகின்றன? அதை எங்காவது எழுதுகிறீர்களா? எழுதாவிட்டால் இரண்டு கணக்கும் பொய்யாகிறது. கடை நட்டப்படுவதுபோல் தெரியும், கேக் கொழிப்பதுபோல் தெரியும். மாத முடிவில் கடையில் சரக்குக் குறைந்ததற்குக் காரணம் தேடிக் கடைப் பையனைச் சந்தேகிக்கும் நிலையும் வரக்கூடும். கொள்வனவு விலையில் ஒரு துண்டு எழுதி வையுங்கள். அது போதும்.

உலகச் சந்தை எமது சமையலறைக்குள்

மேலேயுள்ள கணக்கில் கொக்கோ மட்டும் மூலப்பொருளின் கால்வாசி. அதன் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது? உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆபிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்கு தவறிய பருவநிலையும் மரங்களைத் தாக்கிய நோய்களும் விளைச்சலை வீழ்த்தின. 2023 தொடக்கத்தில் ஒரு தொன் சுமார் 2,500 டொலராக இருந்த விலை, 2024 மார்ச்சில் 10,000 டொலரைத் தாண்டியது. அவ்வாண்டு டிசம்பரில் 12,000 டொலருக்கும் மேலே போனது. 2025 இல் பெருமளவு இறங்கியது. ஆனால் சர்வதேச விலை ஏறும் வேகத்தில் கடைவிலை இறங்குவதில்லை. உயர்ந்த விலையில் வாங்கிய சரக்கு முடிய வேண்டும்.

கொக்கோ இரு மடங்கானால் எமது கேக்கின் அடக்கம் 3,800 ஆகிறது. விலையை மாற்றாமல் 3,910 இலேயே விற்றால் மிஞ்சுவது 110 ரூபா. இதனாலேயே விலைப்பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாது என்கிறேன்.

2022 இல் நாம் பட்டதும் இதே பாடம்தான். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து ஏப்ரலில் 4,860 ரூபாவாகியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. அனல் மின் நிலையம் பக்கத்து ஊரான நுரைச்சோலையில் இருந்தும் எமது ஓவன்களுக்கு விதிவிலக்குக் கிடைக்கவில்லை. பாதி வெந்த நிலையில் கரண்ட் போனால் கேக்கின் நடுப்பகுதி அமிழ்ந்துவிடும், பிறகு அதைத் திருத்த முடியாது. அன்று ஒரு மாதம் முன்னதாகவே விலை பேசி முற்பணம் வாங்காமல் இருந்தவர்கள் கைக்காசைப் போட்டுக் கேக் கொடுக்க நேர்ந்தது. "இந்த விலை 7 நாளுக்கு மட்டும்" என்று சொல்வதும், பாதிப் பணத்தை முன்கூட்டியே பெறுவதும் மரியாதைக் குறைவான செயல்கள் அல்ல. மொத்த வியாபாரிகள் எம்மிடம் அப்படித்தானே நடந்துகொள்கிறார்கள்?

நம்பிக்கையும் ஒரு மூலதனம்

வீட்டுக் கேக்கை மக்கள் நாடுவதற்கு ஒரு முக்கிய காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்ற நம்பிக்கை. அதைக் காப்பாற்றுவது சுடுபவரின் கடமை. ஜெலற்றின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஈ471 என்ற கூழ்மமாக்கி தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஈ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். சில வெனிலா எசன்ஸ்களில் மதுசாரம் கரைப்பானாகச் சேர்க்கப்படுகிறது. மறுபுறம், பெட்டியில் "கொக்கோ லிக்கர்" என்று கண்டு பதறுபவர்களும் உண்டு. அது அரைத்த கொக்கோ விழுதின் வர்த்தகப் பெயர். அதில் மதுசாரம் இல்லை. ஹலால் சான்று உள்ள பொருளை வாங்கி, அந்த வெற்றுப் பொதியைக் கொஞ்சக் காலம் பத்திரப்படுத்தி வைத்தால் கேட்பவருக்குக் காட்டலாம்.

விற்பனைக்காக உணவு தயாரிப்பவர் வீட்டில் இருந்தாலும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவரே. தொழில் தொடர்ச்சியாக நடக்கிறதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து ஆலோசனை பெறுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வதும் நல்லது. நாளை ஒரு பெரிய ஓவனுக்கு வங்கிக் கடன் கேட்கும்போது அந்தப் பதிவும் கணக்குக் கொப்பியும்தான் பேசும்.

உறவினரிடம் என்ன விலை?

இதுதான் எல்லாரும் தடுமாறும் இடம். "ராத்தா, எங்களுக்குமா காசு?" என்ற ஒரு வார்த்தையில் பல வீட்டுத் தொழில்கள் படுத்துவிட்டன. உறவும் வேண்டும், தொழிலும் வேண்டும். இதற்கு நான் சொல்லும் வழி மூன்று விலை.

முதலாவது, அன்பளிப்பு. சொந்தப் பிள்ளைகள், உம்மா வாப்பா, கூடப்பிறந்தவர்கள். காசு வாங்க வேண்டாம். ஆனால் கொப்பியில் "அன்பளிப்பு 3,400" என்று எழுதுங்கள். வருட முடிவில் எத்தனை கொடுத்தோம் என்று தெரியும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதற்கல்ல, தாங்கக்கூடியதா என்று அறிவதற்கு.

இரண்டாவது, கைச்செலவு விலை. நெருங்கிய உறவினருக்கும் அயலவருக்கும் 2,400 ரூபா. உழைப்பு மட்டும் எமது அன்பளிப்பு. சாமானுக்கு அவர்கள் கொடுக்கட்டும்.

மூன்றாவது, விற்பனை விலை. மற்ற எல்லோருக்கும் 3,910. இதில் இரக்கம் பார்த்து இறங்கினால், அதே ஊரில் கேக் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் இன்னொரு சகோதரியின் விலையையும் சேர்த்தே இறக்குகிறோம்.

யார் எந்த வரிசையில் என்பதை முன்கூட்டியே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொண்டால், வாசலில் வைத்துச் சங்கடப்பட வேண்டியதில்லை.

வியாபாரச் சகோதரர்களே, அரிசி மூடைக்கு ஏற்றுகூலி, இறக்குகூலி, கழிவு என்று சதம் சதமாக எழுதும் நாம், வீட்டில் நான்கு மணித்தியாலம் அடுப்பருகே நிற்பவரின் கூலியை எழுத மறந்துவிடுகிறோம். ஒரு கொப்பியும் ஒரு சிறு தராசும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த கேக்கை நிறுத்து, எழுதி, கூட்டிப் பாருங்கள். வரும் தொகை இதுவரை சொல்லிவந்த விலையைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் கேட்பவருக்கு அந்தத் தொகையைத் தயங்காமல் சொல்லலாம், இன்ஷா அல்லாஹ்.