115 கிலோ விமானம் திருநின்றவூரில் பறக்குமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

அலுமினியக் குழாய்ச் சட்டம், துணி இறக்கை, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன என்ஜின். ஆள் ஏறி உட்கார்ந்ததும் புல்வெளியில் கொஞ்ச தூரம் ஓடி, விருட்டென்று மேலே ஏறுகிறது. 'லைசென்ஸ் தேவையில்லை' என்று வீடியோவின் கீழே ஒரு வரி. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வீடியோக்களைப் பார்த்ததும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அவர்களுக்கு வரும் சந்தேகங்களையும் அவர்களைப் பெற்றவர்களுக்கு வரும் சந்தேகங்களையும் இங்கே சேர்த்தே பார்ப்போம்.

115 கிலோவுக்குள் விமானம் செய்தால் லைசென்ஸ் வேண்டாமாமே?

அமெரிக்காவில் வேண்டாம். 1982-இல் அங்கே வந்த 'பகுதி 103' விதி அப்படிச் சொல்கிறது. ஒருவர் மட்டுமே அமரலாம். காலி எடை 254 பவுண்டுக்குக் கீழே, அதாவது 115 கிலோ. எரிபொருள் 5 காலன், சுமார் 19 லிட்டர். முழுச் சக்தியில் மட்டமாகப் பறந்தாலும் 55 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் மணிக்கு 102 கி.மீ. என்ஜினை அணைத்த நிலையில் வேகம் 24 நாட்டாக, அதாவது 44 கி.மீ. ஆகக் குறையும்வரை இறக்கை கைவிடாமல் தாங்க வேண்டும்; தாங்காமல் கைவிடும் அந்த வேகத்துக்கு 'ஸ்டால் வேகம்' என்று பெயர். இத்தனைக்கும் உட்பட்டால் பதிவும் இல்லை, லைசென்ஸும் இல்லை.

இந்தியாவில் இந்தச் சலுகை கிடையாது. இங்கே இருப்பது 'மைக்ரோலைட்' என்ற பிரிவு. அதிகபட்சம் இரண்டு இருக்கை, ஆளும் எரிபொருளும் சேர்த்து மொத்த எடை 450 கிலோவுக்குள், ஸ்டால் வேகம் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அளவு தாராளமாகத் தெரிகிறதே என்று மகிழ வேண்டாம். விமானத்துக்கு 'விடி' என்று தொடங்கும் பதிவு எண், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.யின் பறக்கும் அனுமதி, ஓட்டுபவருக்கு லைசென்ஸ், உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதல் எல்லாம் வேண்டும். 1934-ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் பிறகும் 'லேசான விமானம்தானே, கண்டுகொள்ள மாட்டார்கள்' என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

எடை, வேகம், எரிபொருள் எல்லாவற்றுக்கும் வரம்பு சொல்கிறார்கள். என்ஜின் சக்திக்கு?

நல்ல கேள்வி. அமெரிக்க விதியில் குதிரைத்திறனுக்கு (எச்.பி.) வரம்பே இல்லை. வடிவமைப்பாளர்கள் விளையாடுகிற இடம் இதுதான்.

வேகத்துக்குத் தடை இருக்கும்போது அதிக சக்தியை வைத்து என்ன செய்வது? ஏறுவதற்குப் பயன்படுத்தலாம். ஒரு கணக்கு போடுவோம். விமானம் 115 கிலோ, ஓட்டுபவர் 80, பெட்ரோல் 14, மற்ற சாமான்களோடு 215 கிலோ. இது மணிக்கு 70 கி.மீ.யில் மட்டமாகப் பறக்கக் காற்றில் சுமார் 10 எச்.பி. போதும். என்ஜின் 40 எச்.பி. என்றால், ப்ரொப்பெல்லரில் விரயமானது போக 24 கைக்கு வரும். பத்து போக மிச்சம் 14. அந்த 14-உம் விமானத்தை நொடிக்கு 5 மீட்டர் உயரே தூக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி. அதே விமானத்தில் 28 எச்.பி. என்ஜின் வைத்தால் ஏறும் வேகம் இதில் பாதிதான். வெறும் 12 எச்.பி. கூடியதற்கு ஏற்றம் இரட்டிப்பாகிறது. வேகமானியில் இது தெரியாது. ஓடுபாதையின் கோடியில் நிற்கும் பனைமரத்தைத் தாண்டும்போது தெரியும்.

சக்தி கூடினாலும் வேகத் தடையைத் தாண்டாமல் இருக்கத்தான் இந்த வகை விமானங்களில் கம்பியும் குழாயும் வெளியே தெரிய, ஓட்டுபவர் காற்றில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க அரைகுறை வேலை போல இருக்கும். அழகாகக் கூடு போட்டு மூடினால் காற்றின் எதிர்ப்பு குறைந்து, அதே என்ஜினில் விமானம் 102 கி.மீ.யைத் தாண்டிவிடும். அந்த அரைகுறைத் தோற்றம்தான் சட்டத்துக்குள் நிற்க வைக்கிறது.

அப்படியானால் 80 எச்.பி. போட்டுவிடலாமே?

எடை விடாது. 40 எச்.பி. தரும் இரு-ஸ்ட்ரோக் என்ஜின் கியர்பாக்ஸ், சைலன்சரோடு 35 முதல் 40 கிலோ வரும். 115-இல் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. 80 எச்.பி. வகையறா நான்கு-ஸ்ட்ரோக் என்ஜின்கள் 60 கிலோவை எட்டும். மிச்சமிருக்கும் எடையில் இறக்கை, வால், சக்கரம், இருக்கை எல்லாம் செய்ய வேண்டும். எதை மெலியவைப்பீர்கள்? இறக்கையைத் தாங்கும் குழாயையா?

எரிபொருளும் வெறும் 19 லிட்டர். முழுத் திராட்டிலில் 40 எச்.பி. என்ஜினே அதை ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். வேகத்திலும் லாபமில்லை. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். சக்தியை இரட்டித்தாலும் வேகம் கால் பங்குதான் ஏறும்.

44 கி.மீ. ஸ்டால் வேகம் என்றால் இறக்கை எவ்வளவு பெரிது?

மேலே சொன்ன 215 கிலோவுக்கு, ஃபிளாப் (பின் விளிம்பில் கீழே மடங்கும் பலகை) வைத்த நல்ல இறக்கை என்றாலும் சுமார் 14 சதுர மீட்டர் வேண்டும். ஃபிளாப் இல்லையென்றால் இன்னும் பெரிதாகும். இறக்கை பெரிதானால் எடை கூடும், எடை கூடினால் இறக்கை மறுபடி பெரிதாக வேண்டும். வடிவமைப்பில் பாதிக் காலம் இந்தச் சுழலில்தான் கழியும்.

புல்லட் என்ஜினைப் போட்டுப் பறக்கலாமா?

எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி. புல்லட் பிறக்கும் சென்னையில் கேட்காமல் இருப்பார்களா? இப்போதைய 350 சிசி என்ஜின் தருவது 20 எச்.பி. சொச்சம். கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் ஒரே வார்ப்புக்குள். சாலைக்கு அது வசதி, வானத்துக்கு வீண் சுமை. பாராமோட்டார்காரர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் 185 சிசி என்ஜின் 15 கிலோவுக்குள் இருந்துகொண்டு 25 எச்.பி. தருகிறது.

எடையை விடப் பெரிய சிக்கல் உழைப்பு முறை. பைக்கில் முழுத் திராட்டில் என்பது லாரியை முந்தும் சில நொடிகள்தான். விமானத்தில் ஏறும்போது நிமிடக்கணக்கில் முழுச் சக்தி, பிறகு முக்கால் சக்தியில் முழுப் பயணம். அந்த வெப்பத்தைத் தாங்கும்படி பைக் என்ஜினை யாரும் செய்வதில்லை.

இன்னொன்று. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் என்ஜினில் ஒன்றரை மீட்டர் ப்ரொப்பெல்லரை நேரடியாக மாட்டினால் அதன் நுனி நொடிக்கு 470 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே சுமார் 340 தான். இரைச்சல்தான் மிஞ்சும், இழுவை வராது. சுற்றை இரண்டரை மடங்கு குறைக்கும் கியர் வேண்டும். பெரிய ப்ரொப்பெல்லர், மெதுவான சுற்று, சாய்வு குறைந்த இலை. குறைந்த வேகத்தில் பலமாக இழுக்க இதுதான் வழி.

சென்னை வெயில் பாதிக்குமா?

பாதிக்கும். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது, என்ஜின் பரீட்சைக்கு அளவாக வைத்திருக்கும் 15 டிகிரியோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. தரையில் நின்றாலும் 3,000 அடி உயரத்தில் நிற்கிற மாதிரி. என்ஜின் சக்தி குறையும், இறக்கைக்குப் பிடிப்பு குறையும், ஓட்டம் நீளும். ஐரோப்பியக் குளிரில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஓடுபாதை நீளத்தை முடிவு செய்யக்கூடாது. குறை எடை விமானக்காரர்கள் விடியற்காலையில் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாயும் லேத்தும் நம் பக்கத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. ஆவடியில் 1955 முதல் இரும்புக் குழாய் செய்யும் ட்யூப் புராடக்ட்ஸ் ஆலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள், ஆளில்லா விமானங்களுக்கு உள்ளே மடங்கும் சக்கர அமைப்பையே வடிவமைத்த ஆவடி சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம். கைத்திறனுக்குக் குறையில்லை. ஆனால் விமானக் குழாய்க்கு இன்ன உலோகக் கலவை, இன்ன வெப்பப் பதம் என்ற சான்றிதழ் வேண்டும். பளபளப்பைப் பார்த்து அலுமினியம் வாங்கினால், அது ஜன்னல் கிராதிக்கான அலுமினியமாக இருக்கும்.

நம் ஊர்ப்பக்கம் யாராவது செய்திருக்கிறார்களா?

1910-லேயே செய்தார்கள். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கொமோ டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிக்காக்காரர், சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு ஓர் இரட்டை இறக்கை விமானம் செய்து அந்த ஆண்டு மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அப்போது விதியும் இல்லை, அனுமதியும் இல்லை.

பெங்களூரில் ஜோயல் கோஷ்லின் தொடங்கிய ராஜ் ஹம்ஸா நிறுவனம் 'எக்ஸ்-ஏர்' என்ற அலுமினியக் குழாய், துணி இறக்கை விமானத்தை ஐரோப்பாவுக்கே ஏற்றுமதி செய்தது. மைக்ரோலைட் வரம்புக்குள் நிற்கும் விமானத்தை இந்தியாவிலிருந்தே செய்து விற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கேரளத்தின் இடுக்கியைச் சேர்ந்த, காது கேளாத, பேச இயலாத சஜி தாமஸ் தானே கட்டிய சிறு விமானம் 2014-இல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. கட்டியவரே முதல் நாள் ஓட்டாமல் அனுபவசாலியிடம் கொடுத்ததை எல்லோரும் பின்பற்றலாம்.

காகித வேலை எவ்வளவு நீளும் என்பதற்கு மும்பை விமானி அமோல் யாதவைப் பாருங்கள். மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2016 பிப்ரவரியில் கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பறக்கும் அனுமதிக்கு அதற்குப் பிறகும் காத்திருந்தார்.

திருநின்றவூர் ஏரிப் பக்கம் காலி இடம் இருக்கிறதே, அங்கே பறக்கலாமா?

கூடாது. கிழக்கே ஆவடியில் விமானப்படை நிலையமும் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும். மேற்கே அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ராஜாளி விமானத்தளம். தென்கிழக்கே நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ.யில் மீனம்பாக்கம். இத்தனைக்கும் நடுவில் இருக்கிறது ஊர். தலைக்கு மேலே ஆளில்லாத வானம் போலத் தோன்றினாலும் அது கட்டுப்பாட்டு வான்வெளி.

ட்ரோனுக்கு விதியைத் தளர்த்தினார்களே?

2021 ட்ரோன் விதிகள் ஆளில்லாதவற்றுக்கு மட்டும். ஆள் ஏறினால் அது விமானம்.

மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

எடைப் பட்டியலில். திருநின்றவூர் பூசலார் நாயனாரின் ஊர். கல் ஒன்றும் கையில் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயிலை முழுதாகக் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் அவர். விமானத்தையும் முதலில் அப்படித்தான் கட்ட வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எடை எழுதி, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று பார்த்து, கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் அழித்து மறுபடி. அடுத்து, நான்கில் ஒரு பங்கு அளவில் ரேடியோவால் இயங்கும் மாதிரி. இதற்கு ட்ரோன் விதிகள் பொருந்தும். பிறகு இறக்கையை மட்டும் முழு அளவில் செய்து, தலைகீழாகத் தாங்கவைத்து, மணல் மூட்டை அடுக்கி, விமான எடையின் எத்தனை மடங்கில் வளைகிறது என்று பார்ப்பது. இதற்கு எந்த அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டாம். பட்டறையில் கொஞ்சம் இடமும், ஆற்று மணலும், மூட்டை சரியும்போது பக்கத்தில் நிற்காத புத்தியும் போதும்.