குடும்பப் பெயர் என்ன?

ஆங்கிலத் தேர்வு என்றதும் நம் பிள்ளைகள் பயப்படுவது கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளுக்குத்தான். ஆனால், அவற்றுக்கு முன்பே ஒரு பரீட்சை காத்திருக்கிறது. அதுதான் விண்ணப்பப் பாரம்.

ஐஇஎல்டிஎஸ் பாரத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் குடும்பப் பெயர், மற்றொன்றில் சொந்தப் பெயர். சீன நண்பர்களுக்குச் சிக்கலில்லை. லிம், டான், வோங் என்று யோசிக்காமல் நிரப்பிவிடுவார்கள். நமக்கு? மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. நம் பெயர், நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு அப்பா பெயர், அவ்வளவுதான். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. மகன், மகள் என்று பொருள். நம் கடப்பிதழிலும் முழுப் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கும். எது குடும்பப் பெயர் என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

வானொலியில் தினமும் நேயர்களின் பெயர்களை வாசிப்பவள் நான். ஒரே பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். லட்சுமி ஒரு வீட்டில் லெட்சுமி, அடுத்த வீட்டில் லெச்சுமி. பிறப்புப் பத்திரம் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் எழுத்து. ஒரே அப்பாவின் பெயர் அண்ணன் பத்திரத்தில் ஒரு மாதிரியும் தங்கை பத்திரத்தில் வேறு மாதிரியும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

கிள்ளானில் தாதியாக வேலை செய்யும் என் சித்தி மகள் பிரிட்டன் போக விரும்புகிறாள். "அக்கா, நீங்க ரேடியோல இருக்கீங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா பேரைக் குடும்பப் பேருன்னு போட்டா, அங்க போனதும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க?"

"கூப்பிடட்டுமே" என்றார் பக்கத்தில் இருந்த சித்தி. சித்தப்பா இப்போது இல்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

சாய்கோட்டை அந்த இணையப் பாரம் ஏற்கவில்லை. ஊகித்து நிரப்புவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று தேர்வு மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வந்த பிறகுதான் அந்தக் கட்டங்களை நிரப்பினோம். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாளை கேள்வி எழுந்தால் கையில் ஆதாரம் இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரோ, கணவர் பெயரோ, எண்கணிதம் பார்த்து மாற்றிய எழுத்தோ இங்கே செல்லாது. பதிவு செய்யும்போது காட்டிய அடையாள ஆவணத்தையேதான் தேர்வு நாளிலும் காட்ட வேண்டும். பெயர் அதோடு பொருந்த வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்தத் தேர்வு என்பது. 'அகடமிக்', 'ஜெனரல் டிரெய்னிங்' என்று இரண்டு வகை உண்டு. கேட்டலும் பேசுதலும் இரண்டுக்கும் ஒன்றே. வாசித்தலும் எழுதுதலும் வேறு. பிரிட்டனின் தாதியர் மன்றமான என்எம்சி கேட்பது அகடமிக். மொத்தத்தில் 7 வேண்டும். வாசித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, எழுதுதலில் குறைந்தது 6.5. நண்பர் எழுதிய தேர்வையே நாமும் எழுதினால் போதும் என்று எண்ணக் கூடாது. நம்மை ஏற்கப் போகும் நிறுவனம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். பொதுவாக இந்த முடிவு 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். மற்ற ஆவணங்கள் தயாராகும் காலத்தையும் கணக்கிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

எத்தனை ஆண்டுகள் ஆங்கிலம் படித்தீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். தாதியர் கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளைப் போடப் பார்த்தாள். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை எண்ணிப் பார் என்றேன். 11 ஆண்டுகள்! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் அல்லவா?

பிறகு வந்தது தாய்மொழிக் கேள்வி. அவளுடைய விரல் பட்டியலில் 'ஆங்கிலம்' பக்கம் போனது.

"தமிழ்னு போட்டா மார்க் குறைப்பாங்களாக்கா?"

இந்தக் கேள்வியை நான் பல இளையரிடமும் கேட்டிருக்கிறேன். குறைக்க மாட்டார்கள். தாய்மொழியைப் பார்த்துக் கேள்வித்தாள் மாறுவதில்லை, மதிப்பெண்ணும் மாறுவதில்லை. தாய்மொழி வாரியாகச் சராசரி மதிப்பெண்களைத் தேர்வு நடத்துவோர் வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆங்கிலம் என்று குறித்துக்கொண்டே போனால், அந்தக் கணக்கிலிருந்து நாமே நம்மை அழித்துக்கொள்கிறோம்.

நோயாளியிடம் மலாய் பேசி, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தமிழ் பேசுகிறவள் அவள். மூன்று மொழிகளில் வேலை செய்யத் தெரிந்த ஒருத்தி தாய்மொழியைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? தமிழ் என்று தேர்ந்தெடுத்தாள்.

பணம் கட்டும் முன் இன்னொருவரிடம் கடப்பிதழைக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் திரையில் சரிபாருங்கள். ஒரு தாதியின் சம்பளத்தில் அந்தக் கட்டணம் சிறிய தொகையல்ல.

முடிவு வந்ததும் எல்லாரும் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால், அதே தாளில் மேலே பெயரும், சற்றுக் கீழே தாய்மொழியும் அச்சாகியிருக்கும். எந்த நாட்டு அலுவலகத்தின் மேசைக்குப் போனாலும் அந்த இரண்டும் மதிப்பெண்ணோடு சேர்ந்தே போகும்.