மருந்து பிறக்கும் இடத்து நீர்

மனிதர் உட்கொள்ளும் மருந்து உடலுக்குள் முழுமையாகச் செலவாகிவிடுவதில்லை. பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் வகையைச் சேர்ந்த சிப்ரோஃபிளாக்சசினை விழுங்கினால் அதில் ஏறத்தாழப் பாதி உருமாறாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. மலத்தையும் கரிமக் கழிவையும் சிதைப்பதற்காக அமைக்கப்பட்ட நகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தகைய மூலக்கூறுகளைப் பெரும்பாலும் அரைகுறையாகவே நீக்குகின்றன. 104 நாடுகளைச் சேர்ந்த 258 ஆறுகளின் நீரைச் சோதித்து 2022-இல் வெளிவந்த ஆய்வொன்றில், வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபினும் நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மினும் மிகப் பரவலாகக் காணப்பட்டவற்றுள் இடம்பெற்றன.

குடிநீரில் இவ்வகையில் கலப்பவை பொதுவாக நானோகிராம் அளவிலானவை. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு மனித உடல்நலத்தைக் கெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என உலகச் சுகாதார நிறுவனம் 2012-இல் மதிப்பிட்டது. நீரிலேயே பிறந்து நீரிலேயே வாழும் உயிர்களுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரியொன்றில், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் இருக்குமாறு மூன்று ஆண்டுகள் கலக்கப்பட்டபோது ஆண் மீன்கள் பெண்தன்மை அடைந்தன. அங்கு வாழ்ந்த சிறுமீன் இனமொன்று ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது.

இவையெல்லாம் நோயாளியின் உடல் வழியாக நீரைச் சேரும் மருந்தைப் பற்றியவை. மருந்து உருவாகும் தொழிற்சாலையின் வாயிலிலிருந்து நேரே வெளியேறும் கழிவிலுள்ள மருந்தைப் பற்றி நெடுங்காலம் ஒருவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. விலைமதிப்புள்ள சரக்கை உற்பத்தியாளர் சாக்கடையில் விடமாட்டார் என்ற எண்ணமே அறிவியலாளரிடையேயும் நிலவியது. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய ஊர் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செரு.

1961-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்தின் ஆலை ஹைதராபாத்தில் அமைந்ததும், மருந்துப் பொருளுக்கன்றி அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கிய 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து, அந்நகரைச் சுற்றி மூலமருந்துத் தொழிலை வளர்த்தன. மூலமருந்து என்பது மாத்திரையாகவும் ஊசிமருந்தாகவும் உருப்பெறுவதற்கு முந்தைய, நோயைத் தீர்க்கும் ஆற்றல் கொண்ட வேதிப்பொருள். அதைத் தொகுக்கும் ஒவ்வொரு படியிலும் கரைப்பான்களும் உப்புகளும் வினைபுரியாத மிச்சமும் கழிவாகத் தேங்குகின்றன. பட்டன்செரு, பொல்லாரம் பகுதிகளின் ஆலைக் கழிவு ஓடைகளில் இறங்கி நக்கவாகு வழியே மஞ்சீரா ஆற்றை நோக்கிச் சென்றது. வயலையும் கிணற்றையும் இழந்த ஊர்களுக்காக 1990-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு, பின்னர் உயர் நீதிமன்றத்துக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மாறிச்சென்று ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது.

சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட அளவீடுகள் உலகைத் திடுக்கிட வைத்தன. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, அதாவது சுத்திகரித்த பிறகு, வெளிவந்த நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. சில பாக்டீரியாக்களுக்கு நஞ்சாகும் அளவைவிட இது ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரு நாளில் வெளியேறிய அம்மருந்து மட்டும் சுமார் 45 கிலோ, சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாள்களில் பயன்படுத்தும் அளவுக்கு நிகரானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த தொடராய்வில், சுற்றுவட்டாரத்து ஆறு கிராமங்களில் சோதிக்கப்பட்ட கிணறுகள் அனைத்திலும் மருந்துகள் காணப்பட்டன. ஒவ்வாமைக்கு வீடுதோறும் எடுத்துக்கொள்ளப்படும் செட்ரிசினும் அவற்றுள் ஒன்று.

இதன் முழு அபாயமும் அந்த நிலையத்தின் செயல்முறையை அறிந்தால்தான் விளங்கும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செழிக்க வேண்டும் என்பதற்காக ஆலைக் கழிவோடு மனிதக் கழிவுநீரும் கலக்கப்பட்டது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் அவற்றைக் கொல்லும் மருந்தும் இவ்வாறு ஒரே தொட்டியில் நாள்தோறும் சந்தித்தன. பலவீனமானவை மடிய, மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பெற்றவை எஞ்சிப் பெருகுகின்றன. அம்மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையங்களில் ஏறி, ஓர் இனத்துப் பாக்டீரியாவிலிருந்து முற்றிலும் வேறான இனத்துக்கும் தாவக்கூடியவை. அந்நிலையத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா வகைகளுள் 86 விழுக்காடு, சோதிக்கப்பட்ட 39 ஆன்டிபயாட்டிக்குகளில் 20-க்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ அடங்காதவை என 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாக்டீரியாவைக் கொல்லப் போதாத நீர்த்த அளவுகூட இத்தகைய தேர்வை நிகழ்த்தும் என்பதால், கழிவை ஆற்றில் விட்டுக் கரைத்துவிட்டால் தீர்ந்தது என்ற வாதம் இங்கே செல்லாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் ஆலைக் கழிவின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாவிட்டாலும், தடுக்கக்கூடிய ஒரு காரணத்தைப் பங்கு தெரியவில்லை என்று சொல்லி வளரவிடுவதற்கு நியாயமில்லை.

தடுப்பதும் இங்கே எளிது. கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் மருந்தை நீக்க, ஓசோன் வாயுவாலோ செயலூட்டிய கரியாலோ இயங்கும் கூடுதல் கட்டத்தைச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து அதைச் சட்டமாக்கிச் செய்துவருகிறது, செலவும் பெரிது. ஆலைக் கழிவோ எண்ணிவிடக்கூடிய சில வாயில்களிலிருந்து அடர்த்தியாக வருவது. பிற கழிவோடு கலக்குமுன் அங்கேயே மூலக்கூறைச் சிதைத்துவிட முடியும். குறை தொழில்நுட்பத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. இந்தியாவில் ஆலைக் கழிவுக்கான அளவுகோல்கள் நீரின் ஆக்சிஜன் தேவை, அமிலத்தன்மை, உப்பு முதலியவற்றை அளக்கின்றனவே தவிர, அதில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிகள் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தனித்தனி வரம்பு விதிக்க முன்வந்தபோது அக்கேள்வி முதன்முறையாக எழுந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாட்டிக் ஆலைக் கழிவுக்கு அளவுகளோடு கூடிய வழிகாட்டுதலை வெளியிட்டபோதும், அது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது.

விதி தாமதிக்கும் இடத்தில் வாங்குபவர் முந்திக்கொள்ளலாம். நார்வே நாட்டு மருத்துவமனைகளுக்காக மருந்து கொள்முதல் செய்யும் பொது அமைப்பு, 2019-இல் ஆன்டிபயாட்டிக் ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடுகையில் 30 விழுக்காடு எடையைச் சுற்றுச்சூழல் பொறுப்புக்கு ஒதுக்கியது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்குகிறது. தரச் சோதனையில் தேறாத சரக்கைத் திருப்பியனுப்பும் நடைமுறையும் அதற்கு உண்டு. மூலமருந்து எந்த ஆலையில் உருவானது, அவ்வாலையின் கழிவுநீரில் அம்மருந்து எவ்வளவு எஞ்சியது என்ற இரு விவரங்களையும் ஆய்வகச் சான்றோடு தர வேண்டும் என்று அக்கழகமும் அதையொத்த பிற மாநிலக் கழகங்களும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பதற்கு, மத்திய அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை.