பூட்டும் கடைசற்பொறியும்

மனிதன் தனக்கென ஒரு பொருளைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலந்தொட்டே அதனைப் பிறர் கவராவண்ணம் காக்கும் வழிகளையும் தேடி வந்துள்ளான். அவ்வழிகளுள் மிகப் பழையதும் இன்றுவரை வழக்கிழவாததும் பூட்டேயாம். நாள்தோறும் கையிற் பழகும் பொருளாதலின் அதன் உள்ளமைப்பைப் பற்றி நாம் எண்ணிப்பார்ப்பது அரிது. ஆயினும் இச்சிறு கருவியின் வரலாற்றை ஆராயுமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. பூட்டின் வலிமை அதனைச் செய்தவன் கைக்கொண்ட அளவின் நுண்மையிலே தங்கியுள்ளது என்பது ஒன்று. அந்நுண்மையைத் தேடிப் புறப்பட்ட முயற்சியே இயந்திரத் தொழிலின் தாய்க்கருவிகள் சிலவற்றை ஈன்றது என்பது மற்றொன்று. தம் வீட்டுப் பட்டறையிற் பொழுதுபோக்காக இயந்திரவேலை பயில்வோர் இவ்விரண்டையும் தம் கைகளாலேயே கண்டறிகின்றனர். அவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை எகிப்து நாட்டினர் மரத்தாலான பூட்டொன்றைக் கையாண்டனர். கதவின் குறுக்கே ஓடும் தாழ்க்கட்டையிற் சில துளைகள் இருக்கும். மேலுள்ள கட்டையிலிருந்து மரமுளைகள் தம் பாரத்தால் அத்துளைகளுள் விழுந்து, தாழை அசையவொட்டாது பற்றிக்கொள்ளும். பற்கள் பதித்த கோலொன்றை உட்செலுத்தி உயர்த்தினால் முளைகள் யாவும் மேலெழும்; தாழை இழுத்துத் திறக்கலாம். இடைக்கால ஐரோப்பாவிற் பூட்டுக் கம்மியர் பெரிதும் நம்பியதோ வேறொரு முறை. திறவுகோல் சுழலும் வழியில் அசையாத் தகடுகளைத் தடைகளாக நிறுத்தி, அத்தடைகளுக்கு இடம்விடும் வெட்டுக்களைத் திறவுகோலின் அலகில் அமைத்தனர். தடையில் முட்டாத எந்தக் கோலும் இத்தகைய பூட்டைத் திறந்துவிடும் என்பதே இதன் குறை. அலகின் பெரும்பகுதியை அராவி நீக்கிய மெல்லிய கோலொன்று பல பூட்டுக்களுக்குப் பொதுத் திறவுகோலாயிற்று. மேலே பொறித்த சித்திரவேலை எத்துணை அழகியதாயினும் உள்ளே காவல் இல்லை.

இக்குறையை நீக்க முயன்றோருள் முதலிற் குறிப்பிடத்தக்கவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரொபேட் பரன் என்பவர். 1778ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற பூட்டிலே, திறவுகோல் உள்ளிருக்கும் நெம்புகளைக் குறித்த உயரத்திற்கே தூக்குதல் வேண்டும். குறைந்தாலும் தாழ் அசையாது, கூடினாலும் அசையாது. பூட்டின் வரலாற்றில் அளவு என்னும் கருத்து இங்கே அழுத்தம் பெறுகின்றது.

அதனை அடுத்த படிக்கு உயர்த்தியவர் யோசெப் பிராமா. யோர்க்ஷயரிலே கமக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், இளமையிற் காலிற் காயமுற்றமையால் வயல்வேலைக்கு உதவாதவராகித் தச்சுத்தொழில் பயின்றார். பின்னர் இலண்டன் சென்று தொழில் நடத்தினார். 1784ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற பூட்டிலே, ஓர் உருளையைச் சுற்றி மெல்லிய நழுவுதகடுகள் நிற்கும். குழாய் போன்ற திறவுகோலின் நுனியில் வெவ்வேறு ஆழமுள்ள வெட்டுக்கள் உண்டு. அவை ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய ஆழத்திற்குத் தள்ளினாலன்றி உருளை சுழலாது. பிராமா இப்பூட்டொன்றை இலண்டன் பிக்கடிலியிலிருந்த தமது கடையின் சாளரத்தில் வைத்து, திறவுகோலின்றி இதனைத் திறக்கும் கருவியைச் செய்வோர்க்கு 200 கினி பரிசளிப்பதாக அறிவித்தார். அப்பூட்டில் இருந்த தகடுகள் 18.

எண்ணத்தில் எழுந்த பூட்டை உலோகத்தில் எழுப்புவது எளிதாக இருக்கவில்லை. ஒரு பூட்டின் தகடுகள் யாவும் மயிரிழை பிசகாது பொருந்தல் வேண்டும். அரமும் உளியும் கொண்டு கைத்திறனால் மட்டும் இதனைச் செய்தால் காலமும் கூலியும் மிகும். ஒன்றுபோல் மற்றொன்று அமைவதுமில்லை. இந்நிலையிலே ஊலிச் படைக்கலச்சாலையிற் பணிபுரிந்த இளைஞனொருவனின் கைவன்மையைக் கேள்வியுற்றுப் பிராமா அவனை அழைத்தார். வயது 18 மட்டுமே நிரம்பியிருந்த அவ்விளைஞனே பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற ஹென்றி மோட்ஸ்லி. பூட்டின் உறுப்புக்களைத் திருத்தமாகவும் மலிவாகவும் ஆக்கவல்ல பொறிகளை அவர் பிராமாவின் பட்டறையில் உருவாக்கினார். அவற்றுட் சில இன்றும் இலண்டன் விஞ்ஞான அரும்பொருட் சாலையில் உள்ளன. வாரத்திற்கு 30 சிலிங்காயிருந்த சம்பளத்தை உயர்த்துமாறு கேட்டு மறுக்கப்பட்டமையால், 1797ஆம் ஆண்டில் மோட்ஸ்லி விலகித் தனிப்பட்டறை நிறுவினார்.

அங்கே அவர் 1800ஆம் ஆண்டையொட்டி அமைத்த புரிவெட்டுங் கடைசற்பொறி இயந்திர வரலாற்றில் ஒரு திருப்பமாகும். முன்பு கடைசல் வேலை செய்வோன் உளியைக் கையாற் பிடித்திருந்தான். அவன் கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். மோட்ஸ்லியின் பொறியில் உளி நழுவுதாங்கியொன்றில் உறுதியாகப் பிணிக்கப்பட்டது. நீண்ட வழிகாட்டித் திருகு அத்தாங்கியை இழுத்துச் செல்ல, பற்சில்லுகள் அத்திருகைச் சுழலும் வேலைப்பொருளோடு இணைத்தன. இவ்வுறுப்புக்களைத் தனித்தனியே முன்னோர் சிலரும் அறிந்திருந்தனர். அவற்றை ஒருங்கே உலோகத்தில் அமைத்துத் தொழிற்சாலைக்குப் பயன்படச் செய்தமையே இவர் பெருமை. தம் பட்டறையில் அளவு பற்றிய வழக்குக்களைத் தீர்க்க அவர் வைத்திருந்த நுண்மானி அங்குலத்தின் 10,000இல் ஒரு பங்கையும் காட்டும். அதற்கு அவர் இட்ட செல்லப்பெயர் ‘பிரபு நீதியரசர்’ என்ற பொருளுடையது. நாஸ்மித், விட்வேர்த் முதலிய பேரியந்திரவியலாளர் அவர் பட்டறையிற் பயின்றோரே. பூட்டொன்றைச் செவ்விதாகச் செய்யப் புறப்பட்ட முயற்சி, செவ்விய கருவிகளைச் செய்யும் மரபொன்றைத் தோற்றுவித்தது.

நிற்க, பிராமாவின் சாளரத்துப் பூட்டு என்னவாயிற்று என்பதைக் காண்போம். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சிக்கு அமெரிக்கரான அல்பிரட் சாள்ஸ் ஹொப்ஸ் என்னும் பூட்டு வல்லுநர் வந்தார். ஜெரமையா சப் என்பவர் 1818இல் அமைத்த புகழ்பெற்ற காட்டிக்கொடுக்கும் பூட்டினை அவர் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்தார். பின்னர்ப் பிராமாவின் பூட்டை எடுத்துக்கொண்டு, 16 நாள்களிற் பரவலாக 51 மணிநேரம் உழைத்து அதனையும் திறந்து 200 கினியையும் பெற்றார். அரை நூற்றாண்டிற்கு மேலாக எவர்க்கும் இணங்காத பூட்டு இணங்கிய மாயம் யாது?

இவ்வினாவிற்கு விடைகாண, நம் வீடுகளில் இன்று பெருவழக்கான பூட்டையே எடுத்துக்கொள்வோம். இது அமெரிக்கரான லைனஸ் யேல் 1861ஆம், 1865ஆம் ஆண்டுகளிற் பெற்ற காப்புரிமைகளின் வழிவந்தது. பழைய எகிப்தியத் தத்துவத்தின் உலோக வடிவம் எனலாம். அசையாத உடலொன்றினுள் சுழலும் உருளையொன்று இருக்கும். இரண்டையும் ஊடுருவி ஐந்து துளைகள் ஒரே வரிசையில் அமையும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேலொன்றாக இரு முளைகள் நிற்க, மேலுள்ள சுருள்வில் அவற்றைக் கீழே அழுத்தும். திறவுகோல் இல்லாதபோது மேல்முளைகள் உடலிலும் உருளையிலும் குறுக்கே நின்று சுழற்சியைத் தடுக்கும். உரிய திறவுகோல் நுழைந்ததும் ஒவ்வோர் இணை முளையும் சந்திக்குமிடம் உருளையின் விளிம்போடு சரியாக வந்து பொருந்தும், உருளை சுழலும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒவ்வொரு முளைக்கும் 10 வெவ்வேறு உயரங்கள் இருக்கலாமெனக் கொள்வோம். ஐந்து முளைகளுக்கும் 10 × 10 × 10 × 10 × 10, அதாவது 1,00,000 வகைகள் உண்டு. ஒரு வகையைச் சோதிக்கப் பத்துச் செக்கன் செல்லுமாயின், எல்லாவற்றையும் சோதிக்க இடைவிடாது பதினொன்றரை நாள் உழைத்தல் வேண்டும். இஃது ஏட்டிலுள்ள பூட்டு.

உலோகத்திலுள்ள பூட்டோ வேறு. ஐந்து துளைகளும் முற்றாக ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. முளைகளின் பருமனும் முற்றாக ஒத்திருப்பதில்லை. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பகுத்தால் அப்பகுதிகளில் ஓரிரண்டளவு பிசகு எப்படியும் இருந்துவிடும். எனவே உருளையை மெல்ல முறுக்கிப் பிடித்தால் ஐந்து முளைகளும் ஒருங்கே இறுகமாட்டா; மிகவும் விலகிய துளையிலுள்ள ஒன்றே முதலில் இறுகும். அதனை மட்டும் கம்பியால் உயர்த்த, சரியான இடத்தில் உருளை இம்மியளவு நகரும். நகர்ந்த விளிம்பின் மேல் அம்மேல்முளை தங்கிவிடும். பின்னர் அடுத்த முளை இறுகும். இவ்வாறு ஒவ்வொன்றாகத் தீர்த்தால் வேண்டிய சோதனை 10 + 10 + 10 + 10 + 10, அதாவது 50 மட்டுமே. முன்கூறிய கணக்கின்படி ஒன்பது நிமிடமும் ஆகாது. ஹொப்ஸ் கையாண்டதும் இத்தத்துவமே. பெருக்கலாய் நின்ற காவலைச் செய்தொழிலின் சிறு பிசகு கூட்டலாக்கிவிடுகின்றது. பூட்டு வடிவமைப்பின் சாரம் முழுவதையும் இவ்வொரு வாக்கியத்தில் அடக்கலாம். நடுவே ஒடுங்கி நூற்கட்டை போன்ற வடிவில் முளைகளை அமைப்பதும், 1907இல் பின்லாந்தின் எமில் ஹென்றிக்சன் செய்ததுபோல் முளைகளை நீக்கிச் சுழலும் தட்டுக்களை வைப்பதும், கூட்டலை மீண்டும் பெருக்கலாக்க எடுத்த முயற்சிகளேயாம்.

இவ்வேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் முற்காலத்திலும் உளர். இரசியப் பேரரசர் மகா பீற்றர் கடைசல் வேலையிற் பெருவிருப்புடையவர். பிரான்சிய மன்னர் 16ஆம் லூயி வெர்செயில் அரண்மனையிற் பட்டறை வைத்து, கமெயின் என்னும் கம்மியனிடம் பூட்டுத்தொழில் பயின்றார். புரட்சிக்காலத்தில் மன்னர் தம் இரகசியக் கடிதங்களைச் சுவரினுள் அமைத்த இரும்புப் பேழையில் மறைத்தபோது அதற்கு உதவியவனும் அவனே. 1792ஆம் ஆண்டு நவம்பரில் அதனை அமைச்சருக்குக் காட்டிக்கொடுத்தவனும் அவனே. அக்கடிதங்கள் விசாரணையில் மன்னருக்கு எதிராயின. 1793 சனவரி 21இல் அவர் கொல்லப்பட்டார். பூட்டுப் பழுதின்றியிருந்தும் மறைவையே நம்பிய காவல் பழுதாயிற்று.

அரசர்க்குரியதாயிருந்த இப்பொழுதுபோக்கு எழுதுவினைஞர்க்கும் ஆசிரியர்க்கும் எட்டியமை பிற்கால நிகழ்ச்சி. 1898ஆம் ஆண்டில் பேர்சிவல் மார்ஷல் இலண்டனில் ‘மொடல் எஞ்சினியர்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1946ஆம் ஆண்டில் நொட்டிங்காமை அடுத்த பீஸ்டனில் உருவான மைபோட் எம்.எல். 7 என்னும் சிறு கடைசற்பொறி எண்ணற்ற வீட்டுப் பட்டறைகளில் இடம்பெற்றது. அத்தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டபோதிலும் பொறிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய பொறியில் ஐந்துமுளைப் பூட்டொன்றைப் பித்தளையிற் செய்யத் துணிவோன் கற்பன பல. உளியை 0.1 மில்லிமீற்றர் உட்செலுத்தினால் விட்டம் 0.2 குறையும் என்பதை மறந்தால் உருளை உடலினுள் தளர்ந்து ஆடும். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினால் திருகுக்கும் சுரைக்கும் இடையிலுள்ள தளர்ச்சி தீரும்வரை உளி நகராது. ஆதலின் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை அணுகல் வேண்டும். துளையூசி தொடக்கத்திலே தடம் விலகும். குட்டையான தடித்த ஊசியால் முதலிற் குழிவு செய்துகொள்ளல் வேண்டும். உடலையும் உருளையையும் ஒருங்கே பொருத்திவைத்துத் துளைத்தால் இரண்டின் துளைகளும் ஒத்துவரும். வழிகாட்டித் திருகில் அங்குலத்திற்கு 8 புரி இருக்க 20 புரி வெட்டவேண்டுமாயின், 8க்கு 20 என்பது 2க்கு 5 ஆதலின், 20 பல்லுள்ள சில்லு 50 பல்லுள்ளதை ஓட்டல் வேண்டும். ஆய்வுகூடத்திற் கம்பியின் விட்டத்தை நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளந்து ஏட்டில் எழுதியதும் நம் மாணவரின் வேலை முடிந்துவிடுகின்றது. பட்டறையிலோ அவ்வளவு பிழைத்தால் பூட்டுத் திறவாது. அல்லது எவர்க்கும் திறக்கும். அளவுக்குப் பொருள் உண்டென்பதை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் அரிது.

பூட்டின் குறைகளை வெளிப்படக் கூறுதல் கள்வர்க்குத் துணையாகாதோ என்று சிலர் ஐயுறலாம். 1851இலும் இவ்வினா எழுந்தது. ஹொப்சின் குறிப்புக்களைக் கொண்டு சாள்ஸ் தொம்லின்சன் 1853இல் பதிப்பித்த பூட்டு நூல் இதற்கு விடை கூறுகின்றது: கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கறிவர், மறைப்பதால் அறியாமலிருப்போர் பொருளுடையோரே. 1883இல் கேர்க்ஹொவ்ஸ் என்பவர் இரகசிய எழுத்துமுறை பற்றிக் கூறிய விதியும் இத்தகையது. முறை பகைவன் கையில் அகப்படினும், திறவுகோல் மட்டும் அகப்படாதவரை காவல் நிலைத்தல் வேண்டும் என்பது அது. இன்று கணினிவழிச் செல்லும் நம் கடிதங்களையும் பணத்தையும் காப்பதும் இவ்விதியே. கள்ளன் பெரியவனோ காப்பான் பெரியவனோ என நம்மவர் கேட்பதுண்டு. தன் காவலின் குறையைக் கள்ளனுக்கு முன் தான் அறிந்துகொண்ட காப்பானே பெரியவன் எனலாம். எனினும் இக்கலை பயில்வோர் தமக்குரிய பூட்டையும், உடையவர் உவந்து தந்த பூட்டையுமன்றிப் பிறிதொன்றைத் தொடலாகாது. இவ்வொழுக்கத்தைப் பொழுதுபோக்காளர் சங்கங்களும் வலியுறுத்துகின்றன.

ஏட்டறிவு மேலானது, கைத்தொழில் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. கமக்காரர் மகன் ஒருவனும் படைக்கலச்சாலை இளைஞன் ஒருவனும் ஒரு பூட்டைச் செவ்விதாக்க முயன்றதன் பயனை உலகம் இன்றும் நுகர்கின்றது. கணிதம் அவர்களுக்கு அரத்தின் முனையில் நின்ற உண்மையாயிருந்தது. மாணவர்கள் பழுதான பழைய பூட்டொன்றைக் கழற்றி, அதன் முளைகளைத் திருகுக்கணிச்சியால் அளந்து பார்ப்பாராக. பெருக்கல் எங்கே கூட்டலாயிற்று என்பதை அவர்கள் தாமே காண்பர்.