நடு ஒயரும் பச்சை ஒயரும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்தவர்களுக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் தெரியாமல் இருக்காது. மூன்று ஒயர் வெளியே வரும். ஓர ஒயர் இரண்டும் நான்கு டயோடுகளுக்கு, நடு ஒயர் நேராக சேசிஸுக்கு. பிளஸ் பக்கம் ஒரு கண்டன்சர், மைனஸ் பக்கம் ஒரு கண்டன்சர், அப்புறம் 7812, 7912 ரெகுலேட்டர்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை போனால் இத்தனையும் பையில் வந்துவிடும்.

சர்க்யூட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சுமைதான் ஒரே மாதிரி இல்லை. டேப் மோட்டார், ரிலே, முகப்பு விளக்கு எல்லாம் பிளஸ் பக்கத்தில் தொங்கும். மைனஸ் பக்கம் இரண்டு மூன்று 4558 ஐசி மட்டும். அவை தின்பது சில மில்லி ஆம்பியர். இருந்தும் இரண்டு பக்கமும் 2200 மைக்ரோஃபாரட் கண்டன்சரையே மாட்டுவார்கள், பார்க்க ஜோடியாக இருக்கட்டும் என்று.

விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. டயோடில் கொஞ்சம் போனால் மீதி 16. நொடிக்கு 100 முறை நிரம்பும் அந்தக் கண்டன்சரிலிருந்து 1 ஆம்பியர் இழுத்தால், ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 வோல்ட் இறங்கிவிடும். பள்ளத்தில் நிற்பது 12தான். 7812 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே 14.5 வேண்டும். ஆக, நொடிக்கு நூறு தடவை ரெகுலேட்டர் கைவிட்டுக்கொண்டே இருக்கும். மீட்டரோ உள்ளே வரும் வோல்டேஜின் சராசரியை 14 என்று காட்டி, 12க்கு மேலேதானே இருக்கிறது, எல்லாம் சரி என்று நம்பவைத்துவிடும். மைனஸ் பக்கம் மீட்டர் முள் நகராமல் 16க்கு மேலேயே நிற்கும்.

அந்தக் காலத்து மெக்கானிக் இதை மீட்டரில் பிடிக்கவில்லை, காதில் பிடித்தார். ஸ்பீக்கரில் வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ் என்றால் கண்டன்சர் காய்ந்திருக்கிறது அல்லது போதவில்லை. நல்ல கண்டன்சர் ஒன்றை இணையாகத் தொட்டுப் பார்த்தால் இரைச்சல் அடங்கும். அதே இரைச்சல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி 50 ஹெர்ட்ஸாக உறுமினால் ஒரு டயோடு அறுந்திருக்கும். நடு ஒயர் உள்ள இந்த அமைப்பில் ஒரு டயோடு போனால் ஒரு பக்கம் மட்டும்தான் பாதிக்கும் என்பதால் எந்தப் பக்கம் என்பதும் சுலபமாகத் தெரிந்துவிடும்.

காதுக்கும் அகப்படாத கோளாறு ஒன்று உண்டு: நடு ஒயர் விட்டுப்போவது. சால்டர் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் போர்டைக் கழற்றிவிட்டு அளந்தால் இரண்டு கண்டன்சரும் மொத்த 33 வோல்ட்டைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு 16, 16 என்றே காட்டும். சப்ளை நல்லாயிருக்கு, போர்டுதான் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். போர்டை மாட்டியதும் சுமை அதிகமுள்ள பக்கம் சரிந்து, சும்மா இருக்கும் பக்கம் 25, 30 என்று ஏறும். 25 வோல்ட் கண்டன்சர் போட்டிருந்தால் தலை உப்பும், சில சமயம் வெடிக்கும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கி, அடுத்த வீட்டில் டிவி புகைவது எதனாலோ, இதுவும் அதனாலேதான்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் ஹீட் சிங்க். 7812இன் முதுகுத் தகடு எர்த், 7912இன் முதுகு இன்புட். மைக்கா வைக்காமல் இரண்டையும் ஒரே தகட்டில் முடுக்கினால் மைனஸ் பக்கம் ஷார்ட். அதற்காகத்தான் எல்லா பெஞ்சிலும் சீரிஸ் லாம்ப் இருந்தது. 100 வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மினுக்கி அடங்கினால் பிழைத்தோம். இன்று குண்டு பல்பே அரிதாகிவிட்டது, எல்இடி பல்பு அந்த வேலைக்கு ஆகாது.

இப்போது பெஞ்சுக்கு வருவது எஸ்எம்பிஎஸ். செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், கம்ப்யூட்டர் என்று எதைத் திறந்தாலும் ஒரே சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 5, 12 என்று பல வோல்டேஜ் வரும். அவற்றில் பெரும்பாலும் 5ஐ மட்டும்தான் டிஎல்431 என்ற ஐசி கவனித்து, ஆப்டோகப்ளர் வழியாக முன்பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிறது. மற்றவை ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். 5 எப்படி இழுக்கிறதோ அப்படிப் போகும். 5இன் சுமை கூடினால் சர்க்யூட் வேகம் கூட்டும், சும்மா நிற்கும் 12 தானாக ஏறும். கனெக்டரைப் பிடுங்கி 5இன் சுமையை எடுத்துவிட்டால் 12 படுத்துவிடும்.

முன்பு கோளாறு எந்தப் பக்கமோ அறிகுறியும் அந்தப் பக்கமே தெரிந்தது. இன்று 5 வோல்ட் கண்டன்சர் காய்ந்துபோனாலும் 5ஐத் தாங்கிப் பிடிக்க சர்க்யூட் முக்கி முனகும், மீட்டரில் 5 கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும், 12 மட்டும் 14க்கு மேல் போயிருக்கும். 12 வோல்ட் பக்கத்தையே நோண்டுகிறவர் நாள் முழுக்க நோண்டலாம்.

கம்ப்யூட்டரில் கதை ஒருபடி மேலே, அங்கே சர்க்யூட் பெரும்பாலும் 5, 12 இரண்டையும் சேர்த்தே கவனிக்கும். பழைய மெஷின்களில் பிராசஸர் 5 வோல்ட்டில் தின்றது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது, நான்கு முனை கனெக்டர் வழியாக 12க்கு மாறியது. பழைய கணக்கில் செய்த சப்ளையைப் புது போர்டுக்கு மாட்டியபோது 12 தொய்ந்து 5 ஏறியது. இப்போதைய நல்ல சப்ளைகள் 12ஐ மட்டும் உருவாக்கி, 5, 3.3 இரண்டையும் அதிலிருந்து தனித்தனியாக இறக்கிக்கொள்கின்றன. அந்த இழுபறி அவற்றில் அநேகமாக இல்லை. மற்றவற்றை பெஞ்சில் சோதிக்க, பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்து ஆன் செய்து மீட்டர் வைப்பது போதாது. 12இல் ஒரு 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு, 5இல் ஒரு 5 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். முதலில் ஒன்றை மட்டும், பிறகு மற்றதை மட்டும், பிறகு இரண்டையும். மூன்றிலும் 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவே நின்றால் தேறியது. பல கடைகளில் இதற்குப் பொறுமை இல்லை, போர்டையே மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; புது போர்டின் விலையைவிட அந்த அரை மணி நேரத்தின் கூலி அதிகம்.

ஆம்ப்ளிஃபயர் ஆட்களும் டிரான்ஸ்ஃபார்மரை விட்டு கிளாஸ் டி போர்டுக்கு வந்துவிட்டார்கள், அங்கே ஒரு புது விநோதம். பேஸ் நீண்டு ஒலிக்கும்போது, அரைப்பாலம் போட்ட அந்த ஆம்ப்ளிஃபயர் பிளஸ்ஸிலிருந்து எடுப்பதில் ஒரு பங்கை மைனஸ் பக்கம் திருப்பித் தள்ளுகிறது. டயோடு அதைப் பின்னால் விடாது. கண்டன்சரில் சேர்ந்து வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது புரொடெக்ஷன் அணைத்துவிடும். சப்ளையை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது. ஸ்டீரியோவாக இருந்தால், ஒரு சேனலின் இன்புட்டைத் தலைகீழாக்கி, அந்த சேனலின் ஸ்பீக்கர் ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தால் போதும்: ஒன்று தள்ளுவதை மற்றது எடுத்துக்கொள்ளும்.