பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசையா? முதலில் அடியில் குனிஞ்சு பாருங்க!

வல்லக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் புதுக் கார்களோடு புழங்கும் இளைஞர்களுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்யும் ஆசை வருவது இயல்பு. முதல்முறை என்றால் எதைக் கவனிக்கணும்?

எந்த வண்டி?
ஒரகடம் வழியே போகும் வாலாஜாபாத் சாலை தொடங்கும் வண்டலூரில் தயாரானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு சேஸியைச் சுருக்கி உருவானதுதான். பாடி தனி, சேஸி தனி. பானெட் முழுசா முன்பக்கம் சாயும். புதியவர்களும் வேலை பழக வசதி.

எதைப் பார்க்கணும்?
பெயின்ட் பளபளப்பில் மயங்காதீங்க. இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம்; துருப்பிடித்த சேஸிதான் பர்ஸைக் காலி செய்யும். ஆர்சியில் உள்ள சேஸி, இன்ஜின் எண்கள் வண்டியோடு பொருந்துதா பாருங்க.

வேற இன்ஜின் போடலாமா?
வேண்டாம். 2021 மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டி, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் ‘விண்டேஜ்’. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஷிஃப்டுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது!